உதடு தெரிகிற பெட்டி

மூன்று மாதமாக என் மேஜைமேல் நான்கு சாதனங்கள் கிடக்கின்றன. இரண்டு, டி.வி.யின் முதுகில் செருகுகிற கட்டைவிரல் அளவுக் குச்சிகள். ஒன்று சோப்புப் பெட்டி அளவில் கருப்பாக இருக்கிறது. இன்னொன்று இண்டர்நெட் இணைப்புக் கொடுத்தவர்களே கூடக் கொடுத்தது. இவற்றில் எது நல்லது என்று ஒப்பிட்டுத் தீர்மானிப்பது என் வேலையல்ல. நான் புத்தகங்கள் பற்றியும் கொஞ்சம் சினிமா பற்றியும் எழுதிக்கொண்டிருப்பவன். இந்தக் காரியம் எனக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சொன்னால்தான் இதை ஏன் இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன் என்பது விளங்கும்.

என் அய்யனுக்கு எழுபத்தொன்பது வயது. நாற்பது வருஷம் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் ஓட்டியவர். காது கேட்காது. ஒரேயடியாகப் போகவில்லை; ஷிப்ட் ஷிப்டாகப் போயிற்று. மில்லுக்குள் யாரும் யாரோடும் குரலால் பேசுவதில்லை. உதட்டை அகல விரித்து, சத்தமில்லாமல் பேசுவார்கள். லங்காஷயர் நெசவாலைகளில் பெண்கள் இப்படிப் பேசியதற்கு 'மீ-மாயிங்' என்று பெயரே உண்டு என்று பிற்பாடு படித்தேன். கோயம்புத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்கிறவர்கள் இந்த ஒற்றுமையை நினைத்துச் சொல்வதில்லை.

அம்மா மில்லுக்குப் போனவளல்ல. ஆனால் அந்த உதட்டுப் பேச்சு அவளுக்கும் வந்துவிட்டது. ராத்திரி டி.வி. ஓடும்போது அவள் டி.வி.க்குப் பக்கவாட்டில், அய்யனைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வாள். படத்தில் பேசுவதை உதட்டால் திருப்பிச் சொல்வாள். முழுவதும் சொல்லமாட்டாள். "அவன் பொய் சொல்றானுங்க" என்பாள். பத்து நிமிஷம் கழித்து, "அவ கலியாணத்துக்கு ஒத்துக்கிட்டாளுங்க" என்பாள். அவ்வளவுதான். அய்யன் தலையாட்டுவார். போன வருஷம் ஐப்பசியில் அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து ஒறம்பரைகள் கலைந்த பிறகு, அய்யன் கேபிள் டி.வி. முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். சத்தம் முழுக்கக் குறைத்திருந்தது. அவருக்கு எதற்குச் சத்தம்? சனி ஞாயிறுகளில் நான் போகும்போதெல்லாம் அதே காட்சி. ஒருநாள் கேட்டார்:

"ஏங்கண்ணு, எழுத்து வர்ற டி.வி. ஒண்ணு இருக்குதாமா?"

இதுதான் ஆரம்பம்.

காந்திபுரத்தில் நான்கைந்து கடைகள் ஏறி இறங்கினேன். கடையில் இந்தச் சாதனங்களை ஒப்பிடுவதற்கு ஒரு பாஷை இருக்கிறது. 4கே, எத்தனை ஜி.பி. நினைவகம், ரிமோட்டில் பேசினால் தானே தேடிக்கொள்ளும் என்பவை. ஒரு கடைக்காரத் தம்பி ரிமோட்டை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டி, "பேசுங்க சார், அதுவே கேட்டுக்கும்" என்றான். காது கேட்காதவருக்கு என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "அப்ப நீங்க பேசுங்க" என்றான்.

அவன்மேல் பிழையில்லை. இந்தச் சாதனங்களில் ஒப்பிட வேண்டியது எது என்பது எனக்கே மெதுவாகத்தான் தெரிந்தது. முன்பு வீட்டு டி.வி.க்குப் படம் வந்து சேர்ந்தது. எண்பதுகளில் எங்கள் வீட்டு மாடியில் மீன்முள் மாதிரி அலுமினிய ஆண்டெனா இருந்தது. அதைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்தால் படம் தெரியும். காற்றடித்துத் திரும்பிக்கொண்டால் ஏறிச் சரிசெய்யலாம். கோபுரம் எல்லா வீட்டுக்கும் ஒரேமாதிரி அனுப்பியது. எந்தக் கம்பெனி டி.வி. என்று அது கேட்கவில்லை. இப்போது டி.வி.யே போய்ப் படத்தைக் கேட்டு வாங்கி வருகிறது. கேட்கப் போகிறவன் யார் என்று எதிர்ப்பக்கம் விசாரிக்கிறது. ஆப் என்பது அந்த விசாரணை நடக்கும் வாசல்.

வாசல்கள் எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. அமேசானின் பயர் டிவி, கூகுளின் கூகுள் டிவி, ஆப்பிளின் டிவிஓஎஸ், சாம்சங் டி.வி.களில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இயங்குதளம். நெட்பிளிக்ஸோ சன் நெக்ஸ்டோ ஆஹாவோ, தன் ஆப்-ஐ ஒவ்வொன்றுக்கும் பொருத்தமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு அது சிரமமில்லை. சிறிய சேவை, அதிகம் விற்கும் சாதனத்துக்கு முதலில் எழுதும். மற்றதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடும். ஆகவே ஒரு சாதனத்தின் நன்மை அதன் உள்ளே இருப்பதில் பாதிதான். மறுபாதி, அதற்கு வெளியே யாரோடு யார் சிநேகம் என்பதில் இருக்கிறது.

சிநேகம் முறிந்த கதையும் உண்டு. 2017 கடைசியில் கூகுள், பயர் டிவியிலிருந்து யூடியூபை எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. அமேசான் தன் கடையில் குரோம்காஸ்டை விற்கவில்லை, தன் பிரைம் வீடியோவை அதற்குத் தரவில்லை என்பது காரணம். 2019 ஜூலையில்தான் இருவரும் சமாதானமாகி யூடியூப் முறைப்படி திரும்பி வந்தது. அதே வருஷம் டிசம்பர் 1 முதல் பழைய சில சாம்சங் டி.வி.களிலும் ரோக்கு பெட்டிகளிலும் நெட்பிளிக்ஸ் நின்றது. அந்த டி.வி.கள் கெட்டுப்போகவில்லை, அவற்றிலிருந்த பூட்டு பழையதாகிவிட்டது. 2025 மார்ச் 9 அன்று இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்டுகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் மறுத்தன. பத்து வருஷத்துக்கென்று உள்ளே வைத்த ஒரு சான்றிதழ் அன்றைக்குக் காலாவதி ஆயிற்று. சொந்த வீட்டுச் சாதனத்தை 'நம்பத் தகாதது' என்று சொந்த போனே சொல்லிற்று. சில நாட்களில் கூகுள் புதிய மென்பொருள் அனுப்பிச் சரிசெய்தது. ஆனால் அந்தச் சில நாட்களில் ஓர் உண்மை வெளியே தெரிந்துவிட்டது. நாம் வாங்குவது சாதனத்தை, அனுமதியை அல்ல.

எங்கள் அப்பாரின் தகரப் பெட்டியில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டிப் புதுப்பித்த முத்திரைகள் அதில் வரிசையாக இருக்கும். எண்பதுகளின் நடுவில் அந்த லைசென்ஸ் முறை ஒழிந்தபோது எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது என்பார் அய்யன். அந்தப் புத்தகத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். எது வரைக்கும் செல்லும் என்று தேதி போட்டிருக்கிறது. என் மேஜைமேல் கிடக்கும் நான்கில் எதன்மேலும் அப்படித் தேதி இல்லை.

முதலில் வாங்கியது அந்தக் கருப்புப் பெட்டியை. விலை குறைவு. உள்ளே நினைவகம் அதிகம். 4கே என்று பெரிதாக எழுதியிருந்தது. எல்லா ஆப்பும் ஏறியது. புதுப்படம் ஒன்றைப் போட்டுவிட்டு அய்யன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"மங்கலா இருக்குது கண்ணு. பேசறது தெரியல" என்றார்.

எனக்குப் படம் சரியாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் குழைந்தாற்போல இருந்தது, அவ்வளவுதான். அக்கா மகன் வந்து பார்த்துவிட்டு, "மாமா, இது எல்-1 இல்லீங்க" என்றான். அவன் விளக்கித்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கூகுளின் வைடுவைன் என்று ஒரு பூட்டு. அதில் எல்-1, எல்-2, எல்-3 என்று மூன்று படிகள். எல்-1 சான்று பெற்ற சாதனத்தில், பூட்டை அவிழ்ப்பதும் படத்தை விரிப்பதும் சிப்புக்குள் பாதுகாக்கப்பட்ட ஒரு தனிப் பகுதியிலேயே நடக்கும். எல்-3 என்றால் சாதாரண மென்பொருளில் நடக்கும். இடையில் புகுந்து திருடுவது சுலபம். அதனால் நெட்பிளிக்ஸ் போன்றவர்கள் எல்-3 சாதனத்துக்குச் சுமார் 480 வரிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 4கே டி.வி.யில் 2160 வரிகளுக்கு இடம் இருக்கும். அந்த இடத்தில் 480 வரியை இழுத்துப் போர்த்தினால் குழையாமல் என்ன செய்யும்?

காது கேட்கிறவனுக்கு இது சிறு குறை. கதை போகிற வேகத்தில் மறந்துவிடுவான். அய்யனுக்கு அப்படியல்ல. அவர் உதட்டில் கேட்கிறவர். ஏற்கெனவே அந்த வித்தையில் பாதி ஊகம்தான். 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்று. பணம் என்றாலும் மனம் என்றாலும் அவர் கண்ணுக்கு ஒரே சொல். இடம் பார்த்துத்தான் பிரித்துக்கொள்வார். அந்த உதடும் குழைந்துவிட்டால் ஊகிக்க ஒன்றுமில்லை. எங்கோ ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குச் சான்று தராததால் சிங்காநல்லூரில் ஒரு கிழவருக்கு இரண்டாம் முறையாகக் காது போகிறது. இதை எந்தக் கடையிலும் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் நான் பார்க்கவில்லை.

சான்று பெற்ற குச்சி ஒன்று வாங்கினேன். உதடு தெரிந்தது. அடுத்தது எழுத்து. அய்யன் கேட்டதே அதைத்தானே. இங்கே இன்னொரு விசித்திரம். தமிழ்ப் படங்களுக்கு எழுத்து உண்டு, பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ் தெரியாதவன் படம் பார்ப்பதற்கு வழி செய்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்து காது கேட்காத ஒருவன் இருப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தமிழ் எழுத்து வருகிற சில படங்களைத் தேடிப் பிடித்தேன். அவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு ஊடகங்களில் இத்தகைய எழுத்துத் துணை வேண்டும் என்கிறது. இந்தச் சேவைகளுக்கென்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வரைவு விதிகள் வெளியிட்டது 2025 அக்டோபரில். இடையில் ஒன்பது வருஷம். அய்யனுடைய வயதில் ஒன்பது வருஷம் என்பது வேறு கணக்கு.

காதுக்கருவியையும் ப்ளூடூத்தில் இணைத்துப் பார்த்தோம். மிச்சமிருக்கிற கேள்வி கொஞ்சத்துக்கு அது உதவும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சத்தம் உதட்டுக்குப் பின்னால் வந்தது. நூலிழை தாமதம்தான், ஆனால் உதட்டைப் படிக்கிறவருக்கு அது இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதுபோல. சில சாதனங்களில் சத்தத்தை முன்னும் பின்னும் தள்ளச் சௌகரியம் இருக்கிறது. தள்ளித் தள்ளிப் பார்த்தோம். கடைசியில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, "போச்சாது போ" என்றார்.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியது. பல வருஷங்களாக ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதி வந்திருக்கிறேன். தமிழ் சினிமா காதுக்காக எடுக்கப்படுவது. நாடக மேடையைத் தூக்கிக் காமிராவுக்கு முன்னால் வைத்தது. ஆட்கள் வரிசையாக நம்மைப் பார்த்து நின்று வசனம் ஒப்பிக்கிறார்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிற ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார் என்பது எழுதும்போது ஒருமுறைகூட நினைவுக்கு வந்ததில்லை.

இந்த மூன்று மாதத்தில் அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். நான் நல்ல படம் என்று எழுதியவை அவருக்குக் கதவடைத்தன. நல்ல டைரக்டர் பாத்திரத்தை முதுகு காட்டிப் பேச வைக்கிறான். பாதி முகம் இருட்டில் இருக்கிறது. ஒருவன் பேசும்போது காமிரா கேட்பவன் முகத்தில் நிற்கிறது. எனக்குக் கலையாகத் தெரிந்ததெல்லாம் அவருக்கு மௌனம். சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) போட்டேன். வசனமே ஏறக்குறைய இல்லாத படம், தொழிற்சாலைக் கதை. அவருக்கென்றே எடுத்தது என்று நினைத்தேன். சாப்ளின் எந்திரத்துக்குள் போகும் இடத்தில் நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஆளு உள்ள போயிட்டா மொதல்ல மிசின நிறுத்தோணும். அதத்தான் மொத நாளே சொல்லித் தருவாங்க" என்றார். மில்லில் அவர் எதைப் பார்த்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இன்றைய படங்களில் இன்னொன்றும் கண்டுபிடித்துச் சொன்னார். "இந்தப் புள்ள தமிழ் பேசல" என்றார் ஒருநாள். கதாநாயகி வேறு மாநிலத்துப் பெண். குரல் யாரோ கொடுத்தது. காதுள்ள நமக்கு அந்தக் குரல் முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உதட்டைப் பார்க்கிறவருக்கு ஒட்டுவதில்லை. பிற மொழிப் படங்களைத் தமிழ்க் குரலோடு தருவதை இந்தச் சேவைகள் பெருமையாகச் சொல்கின்றன. அய்யனுக்கு அவை எல்லாம் உதடு வேறு ஊரில் இருக்கிற படங்கள்.

அவருக்குக் கேட்டது எது என்றால், நான் பழித்த அந்தப் பழைய படங்கள்தான். நேராக நின்று, முகத்தில் வெளிச்சம் விழ, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால் வார்த்து உச்சரிக்கிறார்கள். நாடகக் கம்பெனிப் பயிற்சி. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய வாய்கள், இத்தனை காலத்துக்குப் பிறகு கேட்காத ஒருவருக்கும் போய்ச் சேருகின்றன. நான் எழுதியது முழுக்கத் தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் யாரை வைத்துக்கொண்டு எழுதினேன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒருநாள் அந்தக் கருப்புப் பெட்டியைத் திருப்புளியால் திறந்து அய்யனிடம் காட்டினேன். பீளமேட்டிலும் கணபதியிலும் லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்த ஊர் இது. எந்த எந்திரத்தையும் பிரித்துப் பார்க்காமல் எங்கள் ஆட்களுக்கு நிம்மதி வராது. ஒரு பச்சைப் பலகை, நாலு சிப்பு. அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இது எத்தன வருசத்துக்கு ஓடும்?"

"தெரீலீங்கய்யா."

"இதப் பண்ணினவங்களுக்குத் தெரியுமா?"

நியாயமான கேள்வி. 2015-ல் வந்த ஆப்பிள் டிவி எச்டிக்கு 2025-ஆம் வருஷத்து இயங்குதளமும் கிடைத்தது. அது அபூர்வம், விலையும் அதற்கேற்றது. 2025-ல் அமேசான் தன் புதிய குச்சி ஒன்றுக்கு வேகா என்று புதிதாக ஓர் இயங்குதளத்தையே கொண்டு வந்தது; ஆண்ட்ராய்டுக்கென்று எழுதின ஆப்-ஐ அதற்காகத் திரும்ப எழுத வேண்டும். எது எத்தனை நாள் என்பது இப்படித்தான் போகிறது.

அய்யன் ஓட்டிய ரிங் பிரேமில் ஓல்டாம் ஊர் பிளாட் பிரதர்ஸ் என்று வார்ப்பெழுத்து இருந்ததாம். அந்தக் கம்பெனியின் ஓல்டாம் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் மூடியாயிற்று. எந்திரம் பிறகும் ஓடியது. பாகங்களை இங்கேயே வார்த்துக் கடைந்து போட்டார்கள். செய்தவன் போன பிறகும் எந்திரம் இருந்தது. என் மேஜைமேல் இருப்பவற்றில், செய்தவன் சௌக்கியமாக இருக்கும்போதே எந்திரம் செத்துப்போகும். சிப்புக்குள் புதைத்த சாவியைக் கணபதியில் எந்த லேத்திலும் கடைய முடியாது. அனுமதி என்ற விஷயம் இந்த ஊருக்குப் புதிதுமல்ல. 1952-ல் ஜி.டி. நாயுடு இரண்டு பேர் போகிற பெட்ரோல் கார் செய்தார். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்றார். உற்பத்திக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. அன்றைக்கு மறுத்தவர் யார் என்றாவது தெரிந்திருந்தது.

போன சனிக்கிழமை யூடியூபில் 'மலைக்கள்ளன்' போட்டோம். 1954-ல் இதே ஊரில் பட்சிராஜா ஸ்டுடியோ எடுத்த படம். அய்யன் சின்னப்பையனாக இருந்தபோது டூரிங் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தது. பிரதி மோசம், இதில் எந்தச் சான்றிதழும் உதவாது. உதடு பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. நான் எழுந்து, டி.வி.க்குப் பக்கவாட்டில், அம்மா உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு உதட்டால் சொல்ல ஆரம்பித்தேன். எம்.ஜி.ஆர். சொன்னதை, பானுமதி சொன்னதை, ஒரு வரி விடாமல் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் எனக்கு வாய் வலித்தது. அய்யன் முகத்தில் களைப்புத் தெரிந்தது. கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எல்லாத்தையும் சொல்லாத கண்ணு. என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லு. உங்கம்மா அப்படித்தான் சொல்லுவா."

மறுபடி ஆரம்பித்தேன். எதைச் சொல்வது, எதை விடுவது என்று எனக்கு உடனே தெரியவில்லை.